கூடாரம் வரைக்கும் தார்

மூன்றாம் படிவத்தோடு பள்ளியை விட்டவன் நான். செனாவாங் தொழிற்சாலையில் ஷிப்டு வேலை, போர்டிக்சன் ஓட்டலில் தோட்ட வேலை, லாரிக்குக் கிளீனர் என்று எதிலும் இரண்டு வருடம் தாண்டியதில்லை. கூடாரங்களை, எங்கள் பேச்சில் கெமாக்களை, வாடகைக்கு விடும் ஒருவரிடம் சேர்ந்தபோது, மம்பாவைத் தாண்டி ஒரு செம்பனைத் தோட்டத்தின் பழைய லயத்தில் அறை கிடைத்தது. கூரை ஒழுகும். வாளி வைத்தால் போதும்.

பெருஞ்சாலையிலிருந்து லயத்துக்கு வரும் பாதை முழுக்கச் செம்மண். கடைசி வீட்டில் ஓர் அக்கா இருந்தார். சிறுநீரகம் கெட்டுப்போய், வாரத்துக்கு மூன்று நாள் சிரம்பானுக்குப் போய் ரத்தம் சுத்தம் செய்துகொண்டு வருவார். சிகிச்சை மையத்தின் வேன் ஒருமுறை சேற்றில் சிக்கியது. அதன் பிறகு ஓட்டுநர் பெருஞ்சாலை முனையோடு நின்றுகொண்டார். அவரைக் குற்றம் சொல்ல முடியாது. அக்கா போகும்போது எப்படியோ நடந்துவிடுவார். திரும்பும்போது கால் நிற்காது. இரண்டு முறை வழியில் விழுந்திருக்கிறார். நான் வீட்டில் இருந்தால் மோட்டாரில் ஏற்றி வருவேன். மழை நாளில் அதுவும் வழுக்கும்.

"இனிமே போகல தம்பி" என்று ஒருநாள் சொன்னார். போகாவிட்டால் என்ன ஆகும் என்று இரண்டு பேருக்குமே தெரியும்.

லயத்துக்காரர்கள் சேர்ந்து ஒரு லாரி கல் கொட்டிக் குழிகளை அடைத்தோம். மறு வாரமே கவுன்சில் அதிகாரி நோட்டீசோடு வந்துவிட்டார். அனுமதி இல்லாமல் சாலையில் கை வைத்தது குற்றமாம். அப்படியானால் நீங்களே சரிசெய்து கொடுங்கள் என்று மலாயில் கேட்டேன். இது தோட்டத்துப் பாதை, எங்கள் பட்டியலில் இல்லை என்றார். பழுது பார்க்க அவர்களுடைய சாலை இல்லை. தண்டிக்க மட்டும் அவர்களுடையது.

பிறகு எங்கள் சட்டமன்ற உறுப்பினர், ஒய்பி, வரப்போவதாகச் சேதி வந்தது. பட்டியலில் இல்லாத அதே பாதைக்கு மூன்றே நாளில் தார் வந்தது, கோவில் வரைக்கும். கோவிலுக்குப் பக்கத்தில்தான் கட்சிக் கிளைத் தலைவரின் வீடு. கூட்டத்துக்கான கூடாரத்தையும் அங்கேதான் போடச் சொன்னார்கள், போட்டவனே நான்தான். கூடாரத்தைத் தாண்டி ஒரு கார் திரும்புகிற அளவுக்குத் தார் ஓடி, கத்தியால் வெட்டினாற்போல் நின்றது. அங்கிருந்து அக்கா வீடு வரை சேறுதான்.

எத்தனையோ தோட்டங்களிலும் கம்பத்துக் கிராமங்களிலும் கூடாரம் போட்டிருக்கிறேன். அன்றைக்குத்தான் உறைத்தது. நான் முளை அடிக்கிற இடம் வரைக்கும்தான் எங்கேயும் தார் வந்திருக்கிறது. சாக்கடைக்கு மூடி வந்ததும், தெருவிளக்கு எரிந்ததும் அங்கே வரைக்கும்தான்.

தீபாவளி அன்பளிப்பு கொடுக்க ஒய்பி மறுபடி வருகிறார் என்று முதலாளி சொன்னார். இடம் பார்க்க ஒய்பி அலுவலகத்திலிருந்து ஓர் இளம் அதிகாரி வந்தார். வழிகாட்ட என்னை அனுப்பினார்கள். முதலில் கோவில் திடலைக் காட்டினேன். போன முறை நெரிசலில் ஒய்பியின் காரையே வெளியே எடுக்க முடியாமல் போனதை அவரே சொல்லி முகம் சுளித்தார். லயத்துக் கடைசியில் பழைய பந்து திடல் இருக்கிறது என்றேன். போய்ப் பார்த்தோம். திடல் அவருக்குப் பிடித்தது. அவருடைய சப்பாத்துக்கு வழி பிடிக்கவில்லை. சேற்றில் நின்றபடியே யாருக்கோ போன் போட்டார்.

அன்று மாலையே கிளைத் தலைவர் மோட்டாரில் வந்துவிட்டார். நான் அக்காவோடு அவர் வீட்டு வாசலில் பேசிக்கொண்டிருந்தேன்.

"யாருடா கெமாவ இங்க மாத்துனது? ஒய்பி நம்ம வீட்ல டீ குடிப்பாருன்னு எல்லார்கிட்டயும் சொல்லி வெச்சிருக்கேன்."

"ஆபீஸ்காரரு சொன்ன இடம் அண்ணே. நான் முளை அடிக்கிறவன்தானே."

அக்கா முகத்தில் சிரிப்பே இல்லை. "டீதானே? நான் போட்டுக் குடுக்கிறேன்லா. எனக்குத்தான் தண்ணிய அளந்து குடிக்கச் சொல்லியிருக்காங்க, ஒய்பிக்கு இல்லயே."

தலைவருக்கே சிரிப்பு வந்துவிட்டது.

அதன் பிறகு நான் செய்தது ஒன்றுதான். கூடாரத்தைத் திடலின் முன்கோடியிலேயே போட்டிருக்கலாம். நான் பின்கோடியில், அக்கா வீட்டு வேலியை ஒட்டி நான்கு முளைகளை முன்கூட்டியே அடித்து வைத்தேன். தார் போட வந்தவர்கள் கூடாரம் எங்கே என்று கேட்டார்கள். முளைகளைக் காட்டினேன். தார் அவற்றைத் தாண்டி, ஒரு கார் திரும்புகிற அளவுக்கு ஓடி, அக்கா வீட்டுப் படியருகே நின்றது.

விழாவுக்கு ஒய்பி வரவில்லை. வேறு வேலையாம். அவருடைய பிரதிநிதி பத்து நிமிடம் பேசினார். மக்கள் குரலை அரசாங்கம் காது கொடுத்துக் கேட்டதால் கிடைத்த சாலை இது என்றார். எல்லோரும் கை தட்டினோம். பிறகு கூடாரத்தைப் பிரித்து லாரியில் ஏற்றினேன். தாரைச் சுருட்டி எடுத்துப் போக யாரும் வரவில்லை.

கல் கொட்டிய நோட்டீசு இன்னும் ரத்தாகவில்லை. கல் தாருக்கு அடியில் இருக்கிறது. பக்கத்துத் தோட்டத்திலிருந்து இரண்டு பேர் வந்து, அவர்கள் ஊர்க் கூட்டத்துக்குக் கூடாரத்தை எங்கே போட்டால் நல்லது என்று கேட்டுவிட்டுப் போனார்கள். இந்த வேலையில் எனக்கு இது மூன்றாவது வருடம்.

விடிந்ததும் வேன் படிவரைக்கும் வந்து ஹார்ன் அடிக்கிறது. ஓட்டுநர் மீது அக்காவுக்கு ஒரே ஒரு புகார்.

"அஞ்சு நிமிஷம் முன்னாடியே வந்து நிக்கிறான்லா. தலை சீவ விடறானா மனுஷன்?"