பச்சைக் குக்கர்

மண்ணெண்ணெய் மணமும் இன்னும் சரியாகக் காயாத பச்சைப் பெயின்ற்றின் மணமும் ஒன்றாகக் கலந்து எங்கள் கிடுகுக் கொட்டிலுக்குள் நுழைந்த அந்தப் பின்னேரத்தை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு முதலில் சந்தோசமும் அதற்குப் பின்னால் வெட்கமும் வரும். எங்கள் பக்கத்தில் "குக்கர்" என்றால் விசிலடிக்கும் பாத்திரமல்ல. திரி போட்டு எரிக்கும் எண்ணெய் அடுப்பு. அப்பா அதைச் சைக்கிள் கரியரில் கட்டி, மழைக்குத் தன் சேட்டைக் கழற்றிப் போர்த்தி, வெறும் மேலோடு நனைந்துகொண்டு வந்தார்.

தொண்ணூறுகளின் பின்பாதி. முல்லைத்தீவுக் கடற்கரையில் இருந்த வீட்டை விட்டு ஓடி, மல்லாவிப் பக்கம் ஒரு காட்டோரக் காணியில் நாங்கள் மூன்று பேரும் ஒதுங்கியிருந்தோம். கடலைத் தவிர வேறு தொழில் தெரியாத அப்பா விறகு வெட்டினார். அம்மாவுக்குத் "தொய்வு", அதாவது ஆஸ்துமா. கடற்காற்றில் எப்போதாவது தலைகாட்டிய அந்த வருத்தம், காட்டு ஈரத்திலும் பச்சை விறகின் புகையிலும் கிழமைக்கொரு தரம் வந்து நெஞ்சில் ஏறிக் குந்தியது. அரசாங்கம் போட்ட பொருளாதாரத் தடையில் மருந்துகள் நின்றுவிட்டதால் குளிசை கிடைப்பது அருமை. நொச்சி இலை போட்டுக் கொதிக்கவைத்த தண்ணீரில் ஆவி பிடித்தால் அம்மாவின் மூச்சு கொஞ்சம் இளகும். ஆனால் மாரியில் விறகு பற்றி, பானை கொதிக்க அரைமணி நேரமாவது ஆகும். அப்பா முழங்காலில் நின்று அடுப்பை ஊதுவார். அம்மா கொட்டிலின் கப்புக் காலைப் பிடித்தபடி வாயால் மூச்சை இழுப்பா. ஊதுகிற புகையே அம்மாவின் இழுப்பைக் கூட்டும். அந்த அரைமணி நேரத்தை விட எனக்குக் குண்டுவீச்சு பயமாக இருந்ததில்லை.

குக்கரைச் செய்து கொடுத்தவர் சந்தையில் விளக்கும் அடுப்பும் திருத்தும் செல்லமுத்து என்ற இளைஞர். மலையகத்திலிருந்து வந்து வன்னியில் குடியேறிய குடும்பம். பழைய குக்கர் ஒன்றின் எண்ணெய்த் தாங்கி, இன்னொன்றின் திரிக்குழாய்கள், எங்கோ கிடைத்த தகரம் என்று சேர்த்து ஒட்டி, மேலே பச்சை பூசிக் கொடுத்திருந்தார். கடைசியில் புதுக் குக்கரே தோற்றுப்போகும். அதற்கு அப்பா கொடுத்தது தன் வலையை. ஓடி வரும்போது எங்கள் உடுப்பைக் கூட விட்டுவிட்டு, அந்த வலையைத்தான் சாக்கில் கட்டித் தோளில் சுமந்து வந்தவர். அம்மாவுக்கு அது பொறுக்கவில்லை.

"வலையைக் குடுத்திட்டு இனிக் கடலுக்கு எப்பிடிப் போவியள்?"

"வலை பிறகும் பின்னலாம். நீ மூச்சை விடு."

ஒரு போத்தல் மண்ணெண்ணெய் ஊற்றி முதன்முதலாகப் பற்றவைத்தோம். பத்துத் திரியும் முதலில் மஞ்சளாக எரிந்து, பிறகு தகடு சூடேறியதும் நீலமாக மாறின. புகையில்லை. தண்ணீர் கொதித்ததும் மூன்று பேரும் பனங்கட்டியைக் கடித்துக்கொண்டு தேத்தண்ணி குடித்தோம். அம்மா அடுப்புக்குப் பக்கத்தில் மூக்கைக் கொண்டுபோய் நன்றாக மூச்சை இழுத்துப் பார்த்துவிட்டுச் சிரித்தா. அப்படி ஒரு சிரிப்பை அந்தக் கொட்டிலில் நான் அதற்கு முன் கண்டதில்லை. கையில் மிஞ்சியிருந்த கடைசி எண்ணெயையும் ஊற்றி நிரப்பி, மாதா கோயிலுக்குப் போகும்போது தலையில் போடும் தன் வெள்ளை "நெற்" முக்காட்டால் குக்கரை மூடி மூலையில் வைத்தா. அப்பா விரலை நீட்டி எனக்குச் சொன்னார்: "இது சமைக்கிறதுக்கில்லை. அம்மாவுக்கு ஏலாமல் வந்தால் மட்டுந்தான். ஒருத்தரும் தொடப்படாது."

எனக்குப் பதினொரு வயது. எங்களிடம் எதுவுமே இல்லாதிருந்த காலத்தில் எங்களிடம் ஒன்று இருந்தது, அதை ஊருக்குக் காட்டாமல் இருக்க என்னால் முடியவில்லை. அப்பா காட்டுக்கும் அம்மா நிவாரண வரிசைக்கும் போன நேரம் பார்த்துப் பக்கத்துக் கொட்டில் பெட்டைகள் இருவரைக் கூட்டிவந்து, ஈர்க்கொன்றைத் தணலில் பற்றவைத்து, பத்துத் திரியையும் ஏற்றினேன். மஞ்சள் நீலமாகும்போது அவர்கள் வாயைப் பிளந்தார்கள். அந்த வாய் பிளத்தலுக்காக அடுத்த நாளும் கொளுத்தினேன். அதற்கடுத்த நாளும். கைக்குச் சூடு காட்டிக்கொண்டு வெகுநேரம் கதைத்துக்கொண்டிருந்தோம். தாங்கிக்குள் எவ்வளவு இருக்கிறது என்று வெளியே தெரியாது. தெரிந்துகொள்ள நான் முயலவும் இல்லை.

நான்காம் நாள் பின்னேரம் கொட்டும் மழையில் அம்மாவுக்கு இழுத்தது. அப்பா பதறாமல் நெற்றை எடுத்து, பானையை ஏற்றி, நெருப்புக் காட்டினார். திரிகள் ஒரு கணம் பற்றி, கருகி, அணைந்தன. அவர் குக்கரைத் தூக்கி ஆட்டிப் பார்த்த அந்த முகத்தை நான் சாகும்வரை மறக்கமாட்டேன். கோபம் அதில் இல்லை. விளங்காமை மட்டுந்தான் இருந்தது. பிறகு ஈர விறகு, ஊதல், புகை. அம்மாவின் உதடு கறுத்தது. எப்படியோ தண்ணீர் கொதித்தது, எப்படியோ மூச்சு திரும்பியது. நான் மூலையில் நின்று அருள் நிறைந்த மரியே சொல்லிக்கொண்டிருந்தேன். செய்ததைச் சொல்ல மட்டும் நாக்கு வரவில்லை.

அப்பாவுக்கு நான் தொட்டிருப்பேன் என்ற எண்ணம் வரவே இல்லை. அவ்வளவு நம்பிக்கை. எங்கோ ஓட்டை இருக்கிறது, மண் தரை எண்ணெயைக் குடித்துவிட்டது என்றே முடிவு செய்தார். மறுநாள் குக்கரைக் கரியரில் கட்டி, விழாமல் பிடிக்க என்னையும் கூட்டிக்கொண்டு சந்தைக்குப் போனார்.

"தம்பி, உம்மட சாமான் ஒழுகுது. என்ர மனுசி சாகக் கிடந்தவா," என்றார். சத்தம் போடவில்லை, ஆனாலும் பக்கத்துக் கடைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

செல்லமுத்து தாங்கியைக் கழற்றி, வாய்களை அடைத்து, தண்ணீர் வாளிக்குள் அமுக்கினார். மூவரும் குனிந்து பார்த்தோம். ஒரு குமிழி வரவில்லை. மறுபக்கம் திருப்பி அமுக்கினார். அப்போதும் இல்லை. நான் சைக்கிளின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வாயைத் திறந்திருந்தால் எல்லாம் அங்கேயே முடிந்திருக்கும்.

"ஓட்டை இல்லீங்கண்ணே," என்றார் செல்லமுத்து. தாங்கியை வெளியே எடுத்துத் துடைத்தார். "ஆனா நீங்க பொய் சொல்ற ஆளு இல்ல. எங்கயோ நான்தான் பிழை விட்டிருக்கேன்." உள்ளே போய் வலைச் சாக்கைக் கொண்டுவந்து கரியரில் தானே கட்டிவிட்டார். அந்தக் குக்கர் அவரிடமே நின்றுவிட்டது.

அதற்குப் பிறகு எங்கள் வீட்டுக்கு வேறு குக்கர் வரவில்லை. சுவாமியிடம் பாவசங்கீர்த்தனத்துக்குப் போன போதெல்லாம் பனங்கட்டி களவெடுத்ததைச் சொன்னேன், பராக்குப் பார்த்துச் செபம் சொன்னதைச் சொன்னேன், இதைச் சொல்லவில்லை. மூன்றாம் மாரியில், ஒரு பின்னேரம், அப்பா அடுப்பை ஊதிக்கொண்டிருக்கும்போதே அம்மாவின் மூச்சு நின்றுபோனது. குக்கர் இருந்திருந்தால் பிழைத்திருப்பா என்று எனக்கு அடித்துச் சொல்லத் தெரியாது. பிழைத்திருக்கமாட்டா என்றும் யாராலும் எனக்குச் சொல்ல முடியாது.

இப்போது நான் வவுனியாவில் இருக்கிறேன். பிடியைத் திருகினால் காஸ் நீலமாக எரிகிறது, அதைப் பார்க்க யாரும் வருவதில்லை. அப்பாவுக்கு எழுபது தாண்டிவிட்டது. சென்ற வருடம் அம்மாவின் நினைவுநாள் பூசை முடிந்து வந்து, அவர் காலடியில் இருந்து, எல்லாவற்றையும் சொன்னேன். அடிப்பார் என்று நினைத்தேன், அழுவார் என்று நினைத்தேன். அவர் கேட்டது இதுதான்: "அப்ப அந்தப் பெடியன் செய்தது நல்ல சாமான்தான், என்ன?"

மறுநாளே மல்லாவிக்குப் போய்ச் செல்லமுத்துவைக் காண வேண்டும் என்று நின்றார். பழைய சந்தை வரிசை இருந்த இடமே தெரியவில்லை. சண்டைக்குள் அகப்பட்டுப்போன சனம் எங்கே, யார் மிச்சம் என்று யாருக்கும் தெரியவில்லை. செல்லமுத்துவின் தகரக் கொட்டகை நின்ற மட்டில் ஒரு சைக்கிள் ரயர்க் கடை. அதில் இருபது வயதிருக்கும் ஒருவன் ரியூப்பை வாளித் தண்ணீரில் அமுக்கிக் குமிழி பார்த்துக்கொண்டிருந்தான். அப்பா அவன் முன்னால் போய் நின்றார்.

"தம்பி, அதில ஓட்டை இல்லை. பிழை எங்கட பக்கம்," என்றார்.

அவன் ரியூப்பையும் அப்பாவையும் மாறிமாறிப் பார்த்துவிட்டு, "சரி ஐயா," என்றான்.