பாயிஸ் மச்சானின் பிளைவூட் தொட்டி

என் அக்காவைக் கட்டிய பாயிஸ் மச்சான் பயந்த மனிதர். சாய்ந்தமருதுக் கடற்கரையில் காலம் காலமாகப் மீன்பிடிக்கிற பைபர் போட்டுகளின் வெடிப்புகளுக்கு ஒட்டுப் போடுகிறார். ஒரு நாளாவது கடலுக்குப் போனதில்லை. இடி இடித்தால் போனை அணைத்துவிடுவார். பஸ் வேகமெடுத்தால் ஸலவாத்து ஓதுவார். 'அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்' என்று அவர் காதுபடவே நான் பகிடி பண்ணுவேன். அவர் கோபிப்பதில்லை. "பயம் இருந்தாத்தான் மச்சான் வேல சரியா வரும்" என்பார்.

அவருடைய மகள் அப்னாவுக்கு அலங்கார மீன் வளர்த்து விற்க ஆசை. பெரிய கண்ணாடித் தொட்டி வாங்க ஏலாது. அதனால் அவளுக்குச் சீதனமாகக் கட்டிக்கொடுத்த வீட்டு ஹோலில், மச்சான் பிளைவூட்டிலேயே தொட்டி அடித்தார். முன்பக்கம் மட்டும் கண்ணாடி. உட்புறம் தண்ணீர் கசியாதிருக்க எபொக்சிப் பசை பூச வேண்டும். கல்முனையில் இருக்கும் என் ஹாட்வெயார் கடையிலிருந்து இரண்டு டின்களையும் நான்தான் கொண்டுபோனேன்.

டின்னில் எழுதியிருந்ததை வாசித்தும் காட்டினேன். ரெசின் இரண்டு பங்கு, அதை இறுக வைக்கும் ஹாட்னர் ஒரு பங்கு. கூட்டவும் கூடாது, குறைக்கவும் கூடாது. அன்று மழை தூறிக்கொண்டிருந்தது. போட்டுக்குப் பூசுகிற ரெசின் வேறு சாதி. அதற்கு மழையென்றால் ஹாட்னரைக் கொஞ்சம் கூட்டித்தான் விடுவார்கள். மச்சானின் கை அதே பழக்கத்தில் இதற்கும் கூட்டி ஊற்றியது.

"அளவப் பாருங்க மச்சான்" என்றேன்.

"மழைக்குக் கூட விடாட்டிக் காயாது. இது எனக்குக் கைப்பழக்கம்" என்றார்.

எல்லாவற்றுக்கும் பயப்படுகிற மனிதர், பயப்பட வேண்டிய ஒரே இடத்தில் பயப்படவில்லை.

அதன்பின் கடல் கொந்தளித்து, போட்டுகள் எல்லாம் மணலில் கிடந்தன. அது அடங்கியதும் முதல் நாளே அப்னாவின் மாப்பிள்ளை றிஸ்கான் சுபஹுத் தொழுகைக்கு முன்பே தன் போட்டில் கடலுக்குப் போய்விட்டான். அன்று காலையில்தான் நான் அப்னாவின் வீட்டுக்குத் தொட்டி மீன் பார்க்கப் போனேன். தொட்டிக்கு முந்தின நாள்தான் தண்ணீர் நிரப்பியிருந்தார்கள். மச்சான் ஒரு மூலையில் குந்தியிருந்தார். கீழே நிலம் ஈரமாக இருந்தது. பலகை ஊதியிருந்தது. அவர் கையைத் தண்ணீருக்குள் விட்டு உள்மூலையை நகத்தால் அழுத்தினார். வழித்தெடுத்து என்னிடம் நீட்டியபோது, மேல்தோல் மட்டும் காய்ந்து உள்ளே பசையாகவே இருந்தது.

நான் சிரித்தேன். "தொட்டிதானே மச்சான். ஊரா மூழ்கப்போகுது?"

அவர் சிரிக்கவில்லை. என் மணிக்கட்டைப் பிடித்து வெளியே வளவுக்கு இழுத்துப்போனார்.

"தொட்டிக்குக் கரைச்சதுல மிச்சம் இருந்திச்சு மச்சான்" என்றார். "வீணாப் போகுமே எண்டு றிஸ்கான்ட போட்டுக்கு அடியில இருந்த வெடிப்புக்குப் பூசிட்டன்."

நான் போனை எடுத்தேன். றிஸ்கானுக்கு அடித்துப் பார்த்தேன், தொடர்பு கிடைக்கவில்லை. உள்ளே அப்னா மீன்களைப் பிளாஸ்டிக் பேசினுக்கு மாற்றிக்கொண்டே கேட்டாள்: "வாப்பா, இந்த மூலைய மட்டும் திருப்பிப் பூசினாச் சரிதானே?"

"அவளுக்குச் சொல்லிராத" என்று மச்சான் என்னிடம் முணுமுணுத்துவிட்டுச் செருப்பும் போடாமல் கடற்கரைக்கு ஓடினார். நானும் பின்னால் ஓடினேன்.

மஜீட் என்ற மீனவனின் போட் அப்போதுதான் கரையேறி மீன் இறக்கிக்கொண்டிருந்தது. விஷயத்தைக் கேட்டதும் மஜீட் மீனை அப்படியே விட்டுவிட்டுப் போட்டைத் திருப்பினான். மச்சான் ஏறப்போனார். அவருடைய வாய் ஸலவாத்து ஓதிக்கொண்டிருந்தது.

"நீங்க நில்லுங்க, நான் போறன்" என்றேன்.

"ஒட்டு எங்க எண்டு உனக்குத் தெரியுமா?" என்று கேட்டுவிட்டு ஏறிவிட்டார்.

நான் கரையில் நின்றேன். கடை நடத்துகிறவன் நான், கடலைக் கண்டு பயந்தவனல்ல. அன்று பயந்தேன். வந்த போட் ஒவ்வொன்றையும் றிஸ்கானுடையது என்று நினைத்து ஏமாந்தேன். நடுப்பகல் ளுஹர் பாங்கு சொல்லும்போது அப்னா வந்தாள். யாரோ சொல்லிவிட்டார்கள். கையெல்லாம் தொட்டித் தண்ணீர்.

"மாமா, வாப்பா எங்க போன? விடியக் கடலுக்குப் போன அவருக்கு என்ன?"

பொய் சொல்ல வாய் வரவில்லை. உள்ளதைச் சொன்னேன். அவள் அழவில்லை, என் சேட்டுக் கையைப் பிடித்துக்கொண்டு கடலையே பார்த்தாள்.

கடைசியில் மஜீட்டின் போட் தெரிந்தது. ஆமை வேகத்தில் வந்தது. பின்னால் கயிற்றில் றிஸ்கானின் போட், விளிம்பு வரை தாழ்ந்து வந்தது. மஜீட்டுக்குப் பக்கத்தில் றிஸ்கான் நின்றான். அல்ஹம்துலில்லாஹ் என்று சொல்ல வாயெடுத்த அப்னா பாதியில் நிறுத்தினாள்.

"வாப்பாவக் காணல்ல மாமா."

நானும் அவரைக் காணவில்லை. ஆட்கள் கடலுக்குள் இறங்கி றிஸ்கானின் போட்டை மணலுக்கு இழுத்த பிறகுதான் அவரைக் கண்டோம். போட்டுக்குள், அடிப்பக்கம் நிறைந்திருந்த தண்ணீரில் குப்புறக் கிடந்தார். முகம் மட்டும் மேலே. தன் சேட்டைக் கழற்றி வெடிப்பில் திணித்து, இரண்டு கையாலும் அழுத்திக்கொண்டிருந்தார்.

"ஒட்டு முழுசாக் கழண்டு போயிட்டு மாமா" என்று றிஸ்கான் என்னிடம் சொன்னான். "நான் தண்ணிய அள்ளி அள்ளிக் களச்சிட்டன். போட்ட விட்டிருவம் எண்டு மஜீட் சொன்னவன். அப்னாட வாப்பா கேக்கல்ல. என்ன மஜீட்ட போட்டுல ஏத்திட்டு அவர் இதுக்குள்ள குதிச்சிட்டார்."

போட் ஈர மணலில் சாய்ந்து நின்றது. அலைகூட அதைத் தொடவில்லை. அப்னா உள்ளே ஏறி அவர் பக்கத்தில் முழங்காலில் இருந்தாள்.

"கைய எடுங்க வாப்பா. கரைக்கு வந்திட்டம்."

அவர் அவளை நிமிர்ந்து பார்க்கவில்லை.

"எடுத்தாத் தண்ணி வந்திரும் மகள்" என்றார்.