மூன்று விரற்கடை நீளக் கிராங்கு

என் மகள் போன வாரம் ஒரு மிஷின் வாங்கி வந்தாள். சைக்கிள் என்கிறார்கள். சீட்டு கிடையாது, ஹேண்டில்பார் கிடையாது, சக்கரமும் கிடையாது. ஒரு டப்பாவும் அதன் இரண்டு பக்கமும் இரண்டு பெடலும்தான். நாற்காலியில் உட்கார்ந்து டிவி பார்த்துக்கொண்டே மிதிக்க வேண்டுமாம். முட்டிக்கு நல்லதாம். பிசியோதெரபி படித்த பெண் ஒருத்தி வந்து சொல்லிக் கொடுத்தாள். "மெதுவா மிதிங்க தாத்தா, அவசரமே இல்ல" என்றாள். யாரிடம் சொல்கிறாள் பாருங்கள்! போடியிலிருந்து குரங்கணிக்கு அரிசி மூட்டையோடு மிதித்து ஏறியவனிடம்!

குனிந்து கிராங்கை அளந்தேன். கிராங்கு என்பது பெடலைப் பிடித்துக்கொண்டு பல்சக்கரத்தைச் சுற்றுகிற இரும்புக் கை. என் விரலுக்கு ஆறு விரற்கடைகூட இல்லை. "ரொம்பக் குட்டையா இருக்கேம்மா" என்றேன். "அதெல்லாமா பாப்பீங்க?" என்று அந்தப் பெண் சிரித்தாள். அதை மட்டுமே பார்த்துத் திரிந்த காலம் ஒன்று உண்டு என்று அவளுக்கு யார் சொல்வது? புது மிஷினிலிருந்து கிரீஸ் வாசனை வந்தது. கிரீஸ் வாசனைக்குப் பின்னால் எனக்கு எப்போதும் ஏலக்காய் வாசனையும் வந்துவிடும். அந்த நாளில் என் சட்டையில் இரண்டும் சேர்ந்தேதான் இருக்கும்.

சுதந்திரம் வந்து ஏழெட்டு வருஷம் ஆகியிருக்கும். எனக்கு இருபது வயது. படிப்பு மூன்றாம் வகுப்பு. பின்னாளில் மூன்று ஜீப்பும் ஒரு லாரியும் ஓட்டியவன் நான், அதையும் சொல்லிவிடுகிறேன்; ஆனால் அன்றைக்கு என் சொத்து யாரோ ஓட்டிக் கழித்த ஒரு சைக்கிள்தான். என் அய்யா மலைமேல் ஏலக்காய் எஸ்டேட்டுக்குத் தலைச்சுமை ஏற்றியவர். மலைக்காய்ச்சலில் போய்ச் சேர்ந்தார். அண்ணனும் அதே சுமைதான்; முப்பது வயதுக்குள் அவனுக்குக் கழுத்து திரும்பாமல் போயிற்று, கூப்பிட்டால் உடம்போடு திரும்புவான். ஆத்தா என்னிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்: "எந்தச் சோலி வேணாலும் பாருப்பு. தலையில மட்டும் ஏத்தாத."

அந்த வருஷம் ஓர் எஸ்டேட்டின் சுமை தூக்கும் கோவேறு கழுதைகளுக்குச் சீக்கு வந்துவிட்டது. போடி கடைத்தெருவிலிருந்து குரங்கணியில் சுமை இறக்குகிற களத்துக்குத் தினம் ஒரு மூட்டை அரிசி போக வேண்டும். காலை பத்து மணிக்குத் தலைச்சுமைக்காரர்கள் களத்திலிருந்து மலையேறிவிடுவார்கள். அதற்குள் மூட்டை போகாவிட்டால் மேலே இருக்கிறவர்களுக்கு அன்றைக்குக் கஞ்சி கிடையாது. மாட்டு வண்டியால் அது ஆகாது. எஸ்டேட்டில் கணக்கு எழுதும் ரைட்டர், அவர் மலைக்கு அந்தப் பக்கத்து மலையாளி, சைக்கிள்காரன் ஒருவனை நிரந்தரமாக வைத்துக்கொள்ளலாம் என்றார். கேட்டுப் போனவர்கள் இரண்டு பேர். ஒருவன் நான். இன்னொருவன் என் சிநேகிதன் சவரி. திங்கள்கிழமை ஆளுக்கொரு மூட்டை. முதலில் வருகிறவனுக்கு வேலை. தோற்றவனுக்கு மலைச்சுமை தவிர வேறு வழியில்லை. அவனுக்கும் அது தெரியும்.

நான் சும்மா போவேனா? ரோடு போடும் வேலையில் பாறை புரட்டியிருக்கிறேன். கடப்பாரை நீளமாக இருந்தால் ஒற்றை ஆளே பாறையை நகர்த்தலாம். கிராங்கும் ஒரு கடப்பாரைதானே என்று மூளையில் பொறி தட்டியது. கோவேறு கழுதைக்கு லாடம் அடிக்கிற ஆசாரியிடம் போய், இரண்டு கிராங்கையும் நடுவில் வெட்டி மூன்று விரற்கடை இரும்பு வைத்து ஒட்டச் சொன்னேன். அவர் என் கையை இழுத்து வைத்து என் விரலால் அளந்து வலது கிராங்கை அன்றைக்கே முடித்துவிட்டார். இடது கிராங்கை மறுநாள் நான் இல்லாதபோது செய்தார். அளக்க என் விரல் இல்லை. தன் விரலை வைத்து அளந்திருக்கிறார். சம்மட்டி பிடித்த விரல், ஒவ்வொன்றும் வாழைப்பழம்.

மாட்டிப் பார்த்தால் இடது கிராங்கு அரை விரற்கடை கூடுதல் நீளம். "என்ன ஆசாரி, ஒண்ணு நெட்டையா இருக்கு?" என்றேன். "மூணு விரக்கடைதான கேட்ட? மூணுதான் வச்சிருக்கேன், எண்ணிப் பாரு" என்றார். பிரிக்க நேரமில்லை. என் இடது காலுக்குப் பலம் குறைவு, அதற்காக வேண்டுமென்றே செய்தது என்று ஊர் முழுக்கச் சொன்னேன். நம்பினார்கள். இரண்டு நாளில் நானும் நம்பினேன்.

திங்கள்கிழமை விடிந்ததும் கிளம்பினோம். மலையடிவாரத்து முந்தல் வரை ஓரளவு சமதரை. அங்கே சவரி என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரித்துக்கொண்டே போனான். "என்ன மாப்ளே, உரலா ஆட்டுற? வெரசா வா!" அவன் சொன்னதிலும் நியாயம் உண்டு. கிராங்குக் கை நீளமானால் மிதி லேசாகும், ஆனால் கால் சுற்ற வேண்டிய வட்டம் பெரிதாகிவிடும். அவன் மூன்று சுற்று மிதிக்கும்போது நான் இரண்டு. முட்டி நெஞ்சுக்கு ஏறி ஏறி இறங்கியது. இடது கால் ஒரு தாளம், வலது கால் ஒரு தாளம்.

முந்தலைத் தாண்டி ஏற்றம் ஆரம்பித்ததும் கதை மாறியது. சவரி இறங்கித் தள்ளினான். நான் இறங்கவில்லை. அங்கேதான் இன்னொன்று கண்டுபிடித்தேன், எந்தப் பள்ளிக்கூடத்திலும் படிக்காமல். கிராங்கு நேர்குத்தாக நிற்கும்போது எவ்வளவு அமுக்கினாலும் வீண், அச்சுதான் அழுந்தும். அது படுத்திருக்கும்போது கொடுக்கிற மிதிதான் சக்கரத்துக்குப் போகிறது. நிற்கிற இடத்தில் காலை லேசாக விட்டு, படுக்கிற இடத்தில் உடம்பையே இறக்கினேன். அவனைத் தாண்டினேன். "வர்றேன் மாப்ளே!" என்று கத்திவிட்டுத் தாண்டினேன்.

களத்துக்கு இன்னும் இரண்டு வளைவு. இடது பக்கம் திரும்பும்போது வண்டி சாய்ந்தது. இடது பெடல், அந்த நெட்டைப் பெடல், ஜல்லியில் போய் அடித்தது. ஆசாரி ஒட்டிய இடத்தில் கிராங்கு முறிந்து பெடலோடு போயிற்று. நான் ஒரு பக்கம், மூட்டை ஒரு பக்கம்.

முழு மூட்டையைத் தனி ஆளாகக் கேரியரில் ஏற்ற முடியாது. வண்டியைப் பிடித்தால் மூட்டை இல்லை, மூட்டையைப் பிடித்தால் வண்டி இல்லை. சவரி பின்னால் தள்ளிக்கொண்டே வந்தான். என்னைத் தாண்டிப் போயிருக்கலாம். போகவில்லை. தன் சைக்கிளைப் பாறையில் சாய்த்து வைத்தான்.

"அடி கிடி பட்டுச்சா?"

"அதெல்லாம் இல்ல. மூட்டையத் தூக்கு."

தூக்கி வைத்தான். கயிற்றையும் அவனே இறுக்கினான். பிறகு தன் சைக்கிளை எடுக்கப் பாறைப் பக்கம் திரும்பினான். நான் தள்ளிக்கொண்டு ஓடினேன். திரும்பிப் பார்க்காமல் ஓடினேன்.

களத்தில் ரைட்டர் நின்றிருந்தார். "ஆரா ஆத்யம் வந்தது?" என்று கேட்டார், யார் முதலில் என்று அர்த்தம். நான் கையைத் தூக்கினேன். இருபது அடி பின்னால் சவரி வந்தான். ரைட்டர் அவனையும் பார்த்தார். சவரி தன் மூட்டைக் கயிற்றை அவிழ்க்கக் குனிந்தான். "அவன்தாங்க" என்றான்.

வேலை எனக்குக் கிடைத்தது. அதிலிருந்துதான் ஜீப், லாரி எல்லாம். சவரி அந்த வாரமே தலைச்சுமையோடு மலையேறினான். இரண்டு வருஷம் கழித்து, கழுத்து நல்லபடியாக இருக்கும்போதே இறங்கி வந்து போடியில் சைக்கிள் கடை வைத்தான். அதுவரை ஆசாரியின் ஒட்டோடு ஓடிக்கொண்டிருந்த என் வண்டியையும் சரி பண்ணிக் கொடுத்தான். பழைய அளவுக் கிராங்கையே மாட்டி, முன்னால் மட்டும் சின்னப் பல்சக்கரம் போட்டான். "பல்லைக் கொறச்சாப் போதும்டா. கைய எதுக்கு நீட்டுற?" ஏற்றம் பூப்போல ஆயிற்று. அதை அன்றைக்கே ஒப்புக்கொள்வேனா? மாட்டேன்.

அதற்கப்புறம் நாற்பது வருஷம் அவன் கடையில் உட்கார்ந்து, வருகிறவர்களுக்கெல்லாம் நான் ஜெயித்த கதையைச் சொன்னேன். முந்தல் ஏற்றத்தில் அவனைத் தாண்டியது வரை சொல்ல விடுவான். அதற்கு மேல் நான் ஒரே தாவலாகக் களத்துக்குப் போகப் பார்த்தால், சுற்றுகிற சக்கரத்தைக் கையால் பிடித்து நிறுத்துவான். "மூட்டைய யாரு தூக்கி வச்சா? அதையும் சொல்லு மாப்ளே." கடையே சிரிக்கும். நான் சொல்லித்தான் ஆக வேண்டும்.

இப்போது குரங்கணிக்குத் தார் ரோடு. ஜீப்பில் ஏறி உட்கார்ந்தால் போய் இறங்க வேண்டியதுதான். மூட்டை மிதித்துப் போகிறவன் ஒருவனும் இல்லை. சவரியின் கடை செல்போன் கடையாகிவிட்டது. அவன் போயும் பல வருஷம் ஆயிற்று.

கல்யாண வீடுகளில் இன்றைக்கும் அந்தக் கதையைச் சொல்கிறேன். முந்தல் ஏற்றம் முடிந்து, கிராங்கு முறிகிற இடத்துக்கு முன்னால் கொஞ்சம் நிறுத்துகிறேன். மூட்டையை யார் தூக்கி வைத்தது என்று கேட்க ஆளில்லை. "அப்புறம் என்னாச்சு, ஜெயிச்சீங்களா?" என்று என் வாயைத்தான் பார்க்கிறார்கள்.