எட்டுக் கட்டத்துக்குள் ஒரு சொல்

ஏசி ரிமோட்டிலும், துணி துவைக்கும் மெஷினிலும், கைபேசியிலும் நீங்கள் படிக்கும் தமிழை யாரோ ஒருவர் தன் வீட்டில் உட்கார்ந்து எழுதியிருக்கிறார். அந்த யாரோக்களில் நானும் ஒருத்தி. காரைக்காலில், தலத்தெருவில், மாடி அறையில் ஒரு பழைய கணினி முன்னால் உட்கார்ந்து பன்னிரண்டு வருடமாக இந்த வேலையைப் பார்க்கிறேன். எந்தப் பொருளின் மீதும் என் பெயர் இருக்காது. இருந்திருந்தால், யாரைத் திட்டுவது என்றாவது ஜனங்களுக்குத் தெரிந்திருக்கும்.

வேலை வரும் விதத்தைச் சொன்னால் நம்பமாட்டீர்கள். ஒரு எக்செல் தாள் வரும். இடப்பக்கம் ஆங்கிலம், வலப்பக்கம் காலி. அது கைக்கடிகாரமா, கார் ரேடியோவா, சர்க்கரை பார்க்கும் கருவியா என்று சொல்லமாட்டார்கள். பொருள் கடைக்கு வரும்வரை ரகசியமாம். கேள்வி கேட்க இன்னொரு தாள் உண்டு. அதில் கேட்டால், 'உங்களுக்குச் சரி என்று படுவதைப் போடுங்கள்' என்று பதில் வரும். சில சமயம் அதுவும் வராது. வாக்கியங்களும் முழுதாக வருவதில்லை. பொறியாளர்கள் அவற்றைக் கோழிக்கறி மாதிரி துண்டு போட்டு அனுப்புவார்கள். ஒரு வாக்கியத்தின் தலை ஐந்தாவது வரியில் இருக்கும், வால் இருநூறாவது வரியில் இருக்கும். பிறகு மெஷின் தன் இஷ்டத்துக்கு அவற்றை ஒட்டிக்கொள்ளும்.

அடுத்தது கட்டக் கணக்கு. இந்தச் சொல் எட்டுக் கட்டத்துக்குள் அடங்க வேண்டும் என்று பக்கத்தில் எழுதியிருப்பார்கள். 'நி' என்பது நமக்கு ஓர் எழுத்து. கணினிக்கு அது 'ந' ஒரு கட்டம், கொக்கி ஒரு கட்டம். புள்ளிக்குக்கூட ஒரு கட்டம் பிடுங்கிக்கொள்ளும். ஆங்கிலத்தை அளந்து சட்டை தைத்துவிட்டு, அதற்குள் நம்மை நுழையச் சொல்கிறார்கள். நுழைய முடியாவிட்டால் கையைக் காலை வெட்டிக்கொள்ள வேண்டியது நம் பாடு. ஆனால் விளம்பரத்தில் மட்டும் 'உங்கள் தாய்மொழியில்' என்று பெரிதாகப் போடுவார்கள்.

இந்தக் கோபமெல்லாம் எனக்கு முதலிலிருந்தே உண்டு. கூடவே ஒரு திமிரும் இருந்தது. மற்றவர்கள் செய்த தப்புகளை ஒரு நோட்டில் எழுதிவைத்துச் சிரிப்பேன். 'ஃபேன்' என்பதற்கு மின்விசிறி என்று வரவேண்டிய இடத்தில் 'ரசிகர்' என்று போட்டிருந்த ஒரு ரிமோட்டைப் பற்றித் தெருவில் எல்லோரிடமும் சொல்லியிருக்கிறேன். 'ரசிகரை வேகமாகச் சுழல விடவும்' என்றிருந்தது. அதை முதலில் சொன்னது மீன் கொண்டுவருகிற பெண்ணிடம்தான். கூடையைப் பிடித்துக்கொண்டு அவள் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள்.

அவள் காரைக்கால்மேட்டிலிருந்து வாரத்தில் மூன்று நாள் எங்கள் தெருவுக்கு வருவாள். என்னைவிட ஐந்தாறு வயது சின்னவள். மத்தியோ சங்கராவோ, எனக்கென்று ஒரு பங்கை இலைக்கு அடியில் தனியாக வைத்திருப்பாள். அவள் கணவரும் அவளுடைய தம்பியும் ஒரே ஃபைபர் படகில் போனார்கள். படகு அவர்களுடையது இல்லை, அதே ஊர்க்காரர் ஒருவருடையது. ஒருநாள் மீனை ஆய்ந்துகொண்டே சொன்னாள்.

"அக்கா, நம்ம படகுக்கு ஒரு மஞ்சப் பெட்டி குடுத்துருக்கானுங்க. கடல்ல ஏதாச்சும் ஆச்சுன்னா செவப்பு பட்டன அமுக்குனா போதுமாம், கரைக்குத் தெரிஞ்சிருமாம். எல்லாம் தமிழ்லயே எழுதியிருக்கு."

ஏதோ ஒரு கம்பெனி, சோதனைக்காகப் படகுகளுக்குக் கொடுத்த கருவி. செயல்விளக்கத்துக்குப் படகுக்காரரை மட்டும் கூப்பிட்டு, காப்பி கொடுத்து, போட்டோ எடுத்து அனுப்பியிருக்கிறார்கள். கடலுக்குப் போகிறவர்கள் யாரும் அதில் இல்லை. எனக்கு அப்போது சந்தோஷமாகத்தான் இருந்தது. யாரோ ஒருத்தி நன்றாகத் தமிழ் எழுதியிருப்பாள் என்று நினைத்தேன்.

அடுத்த மழைக்காலம் தொடங்கும்போது அவள் கணவர் கடலில் செத்துப்போனார். தம்பி பிழைத்தார். துக்கத்துக்குப் போனேன். அவள் என்னைப் பார்த்ததாகவே தெரியவில்லை. அப்புறம் மூன்று மாதம் எங்கள் தெருவுக்கு மீன் வரவில்லை.

திரும்பி வந்த அன்று அவள் கூடையை இறக்கிவைத்துவிட்டு வாசற்படியில் உட்கார்ந்தாள். நான் கேட்காமலே சொன்னாள்.

"எந்தம்பியோட நான் பேசுறதில்லக்கா. அந்தப் பெட்டி அவன் கையிலதான் இருந்துச்சு. காலையிலயே இஞ்சின் நின்னு போயி, படகுல தண்ணி ஏற ஆரம்பிச்சிருச்சு. கவுர்றதுக்கு முன்னாடி அர மணி நேரம் இருந்துருக்கு. ஒரு பட்டன அமுக்கத் தெரியல அவனுக்கு."

"அமுக்கவே இல்லியா?"

"அமுக்குனானாம். நிறுத்துன்னு வந்துச்சாம். கைய எடுத்துட்டானாம். மறுபடி அமுக்குனானாம், மறுபடியும் நிறுத்துன்னு வந்துச்சாம். 'அது சொல்றபடி செய்யிடா'ன்னு அவருதான் சொன்னாராம். செத்தவரு மேல பழியப் போடுறான் பாருங்க. எந்தப் பெட்டியாச்சும், காப்பாத்துன்னு அமுக்குனா, நிறுத்துன்னு சொல்லுமா?"

படகு கவிழ்ந்த பிறகு இரண்டு பேரும் அதைப் பற்றிக்கொண்டு மிதந்திருக்கிறார்கள். மதியத்துக்குள் அவள் கணவரின் கை நழுவிவிட்டது. சாயங்காலம் வேறொரு படகு தம்பியைத் தூக்கியது. மூன்றாம் நாள் அவர் கரை ஒதுங்கினார். ஊரில் எல்லோரும் தம்பியைத்தான் குறை சொன்னார்கள். அவர் அதன்பிறகு கடலுக்குப் போகவில்லை, ஐஸ் கம்பெனியில் பாளம் தூக்குகிறார் என்றாள்.

அந்தப் பெட்டியின் மேல் இருந்த கம்பெனிப் பெயரை அவளிடம் கேட்டுக்கொண்டேன். அவள் போனதும் மாடிக்கு ஏறினேன். பழைய தாள்கள் எதையும் நான் அழிப்பதில்லை. அந்தக் கம்பெனியின் தாளைத் தேடிப்பிடிக்க நேரமாகவில்லை. 'அழைப்பு', 'தொடர்பு', 'செய்தி அனுப்பு' என்ற வரிகளுக்கு நடுவில் 'ஹோல்டு' என்று ஒற்றைச் சொல் இருந்தது. பக்கத்தில் எட்டுக் கட்டம் என்று எழுதியிருந்தது. போனில் பேசும்போது ஹோல்டில் போடுவார்களே, அந்த ஹோல்டு என்று எடுத்துக்கொண்டு முதலில் 'நிறுத்திவை' என்று போட்டிருக்கிறேன். அது பத்துக் கட்டம். வெட்டி 'நிறுத்து' ஆக்கியிருக்கிறேன். அது சரியாக எட்டு.

அது போன் ஹோல்டு இல்லை என்பது, கம்பெனியின் இணையப் பக்கத்தில் பெட்டியின் ஆங்கிலத் திரையைப் பார்த்ததும் புரிந்தது. பட்டனை மூன்று நொடி விடாமல் அழுத்திக்கொண்டே இருக்க வேண்டும் என்பதற்கான ஹோல்டு. விரல் வைத்ததும் 'மூன்று நொடி', 'நிறுத்து' என்ற இரண்டு துண்டுகளையும் ஒட்டி மெஷின் காட்டியிருக்கிறது. விரலை எடுத்தால் எதுவும் போகாது. தம்பி விரலை எடுத்திருக்கிறார். எழுத்துக்கூட்டிப் படித்து, எழுதியிருந்ததை அப்படியே செய்திருக்கிறார்.

கம்பெனிகளைத் திட்டியே இந்தக் கட்டுரையை முடித்துவிடலாம். படம் அனுப்பவில்லை, வாக்கியத்தை வெட்டினார்கள், உயிர் போகிற நேரத்தில் ஆடும் படகில் ஈரக் கையால் அழுத்துகிற பட்டனுக்கு எழுத்தைப் படிக்க வேண்டிய நிலைமையையே வைத்திருக்கக் கூடாது. எல்லாம் உண்மை. ஆனால் கேள்வித் தாளை அன்றைக்கும் எனக்கு அனுப்பியிருந்தார்கள். அதில் வேறு சொற்களுக்குக் கேள்வி கேட்டிருக்கிறேன். இந்தச் சொல்லுக்குக் கேட்கவில்லை. எனக்குச் சந்தேகமே வரவில்லை. தெரிந்த சொல்தானே என்று தாண்டிப் போயிருக்கிறேன்.

அன்றைக்கே எழுதிப் போட்டேன். ஒரு ஆள் செத்துவிட்டார், இந்தச் சொல்லை உடனே மாற்றுங்கள் என்று. நான்கு நாள் கழித்து வந்த பதிலில் என் அக்கறைக்கு நன்றி தெரிவித்திருந்தார்கள். புகார் வகை: மொழி. தீவிரம்: குறைவு. அடுத்த பதிப்பில் பரிசீலிக்கப்படும். அதை நான் எத்தனை தடவை படித்தேன் என்று தெரியாது. வேறு யாரிடமும் காட்டவும் தைரியமில்லை.

அவளிடம் சொல்ல எனக்கு மூன்று வாரம் பிடித்தது. ஒவ்வொரு தடவையும் அவள் முகத்தைப் பார்க்காமல் மீனை வாங்கிக்கொண்டு உள்ளே போனேன். என் பங்கை அவள் வழக்கம்போல் தனியாக வைத்திருந்தாள். அதுதான் என்னால் தாங்க முடியவில்லை. ஒருநாள் கூடையை இறக்கும்போதே சொல்லிவிட்டேன்.

"அந்த நிறுத்துங்குற வார்த்தைய எழுதுனது நாந்தான்."

அவளுக்குப் புரியவில்லை. உள்ளே கூட்டிக்கொண்டு போய், கணினியில் அந்த வரியைக் காட்டி, முதலிலிருந்து சொன்னேன். சொல்லி முடிக்கும்வரை அவள் என்னைப் பார்க்கவில்லை, திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்ப அவன் சொன்னது நெசந்தானா?" என்றாள்.

"நெசந்தான். அவர் மேல ஒரு தப்பும் இல்ல."

முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டாள். என்னைத் திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாகியிருக்கும். அவள் எழுந்து நின்றாள்.

"இத எங்கிட்ட சொன்னா பத்தாதுக்கா. வாங்க, அவங்கிட்ட வந்து சொல்லுங்க."

மீனை என் வீட்டு வாசலிலேயே விட்டுவிட்டு வந்தாள். ஷேர் ஆட்டோ பிடித்துப் போனோம். ஐஸ் கம்பெனி வாசலில் அவள் தம்பி கோணிச் சாக்கைத் தோளில் போட்டுக்கொண்டு நின்றிருந்தார். முப்பது, முப்பத்திரண்டு வயது இருக்கும். அக்கா தன்னைத் தேடி வருவதைப் பார்த்ததும் சாக்கைக் கீழே போட்டுவிட்டார். அவள் என்னை முன்னால் விட்டாள்.

மறுபடியும் எல்லாவற்றையும் சொன்னேன். வாக்கியத்தை வெட்டுவது, கட்டம், ஹோல்டு. ஐஸ் உடைக்கும் சத்தத்தில் பாதியைத் திரும்பச் சொல்ல வேண்டியிருந்தது.

"அப்ப, கைய எடுக்கச் சொல்லலியா அது?"

"இல்லிங்க. எடுக்கக் கூடாதுன்னுதான் சொல்ல வந்துச்சு. நாந்தான் தப்பா எழுதிட்டேன்."

அவர் தன் வலது கையைத் திருப்பிப் பார்த்தார். ஐஸில் வெளுத்து, விரல் நுனியெல்லாம் சுருங்கியிருந்தது. அக்கா அந்தக் கையைப் பிடிக்கப் போனாள். அவர் கொடுக்கவில்லை. கோபமில்லை. இன்னும் எதையோ யோசித்துக்கொண்டிருந்தார்.

"நீங்க படிச்சவங்க. ஒண்ணு கேக்குறேன்," என்றார். "சரியா எழுதியிருந்தா அதுல என்ன வந்துருக்கும்?"

என் தொழிலில் இதற்கு ஒரு வழக்கமான பதில் உண்டு. 'அழுத்திப் பிடிக்கவும்' என்போம். எட்டுக் கட்டத்தில் அது அடங்கவே அடங்காது. அதைச் சொல்ல வாய் வரவில்லை. அந்த இடத்தில் நின்றுகொண்டு வேறு சொல் தேடினேன். ஒரு நொடிகூட ஆகவில்லை, வந்துவிட்டது.

"விடாதே," என்றேன்.

சொல்லிவிட்டு, பழக்க தோஷத்தில் மனசுக்குள் எண்ணினேன். ஆறு கட்டம்தான் வந்தது.

அவர் அந்தச் சொல்லை உதட்டுக்குள் ஒரு தடவை சொல்லிப் பார்த்தார். பிறகு அக்காவைப் பார்த்துத்தான் பேசினார், என்னைப் பார்த்து இல்லை.

"விடாதேன்னு வந்துருந்தா, நான் விட்டுருக்கவே மாட்டேன்க்கா."