டர்போவும் ஒரு சிவப்புக் குழலும்

2023 மார்ச் 12, ஞாயிறு. காலையில் வழக்கம்போல மாடித் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றினேன். செடிகளுக்கு ஊற்றினேன். செய்தித்தாளைக் கடைசிப் பக்கத்திலிருந்து படித்து முடித்து, நான்காக மடித்து அடுக்கில் வைத்தேன். இட்லி சாப்பிட்டபின் காரின் டயர்களில் காற்று சரியாக இருக்கிறதா என்று பார்த்தேன். எல்லா ஞாயிறும் செய்கிற வேலைகள்தான். அன்று மட்டும் எதிலும் மனசு நிற்கவில்லை.

மறுநாள் சிறுமலைக்குப் போய் மகளைப் பிரசவத்துக்கு அழைத்து வர வேண்டும். வளைகாப்பு முந்தின வாரமே அவள் மாமியார் வீட்டில் முடிந்திருந்தது. கையோடு கூட்டி வருவதாகத்தான் இருந்தோம். நாள் சரியில்லை என்று சம்பந்தியம்மா தள்ளிப் போட்டுவிட்டார். திங்கட்கிழமை ஒன்பதுக்கு மேல் பத்தரைக்குள் பெண் படி இறங்கிவிட வேண்டும் என்று சொல்லியிருந்தார்.

நேரம் ஒரு பிரச்சினையே இல்லை. கார்தான் பிரச்சினை. வளைகாப்புக்குப் போனபோது கொண்டை ஊசி வளைவில் ஏற முடியாமல் மூச்சு வாங்கி நின்றுவிட்டது. பின்னால் வந்த பஸ் விடாமல் ஹாரன் அடித்தது. கரும்புகை வேறு. அந்த வளைவில் மகளை உட்கார வைத்துக்கொண்டு நிற்பதுபோல ஒரு வாரமாக நினைப்பு வந்துகொண்டே இருந்தது.

சனிக்கிழமை காளவாசல் பட்டறையில் எங்கள் மெக்கானிக் பார்த்துவிட்டு, "டர்போவுல கரி அடைச்சிருக்குண்ணே. கழட்டிச் சுத்தம் பண்ண மூணு நாளாகும்" என்றார்.

"திங்கட்கிழமை மலை ஏறணுமே."

"அப்ப ஸ்பிரே வாங்கி வீட்டுலயே அடிச்சுப் பாருங்க. விட்டு விட்டு அடிங்க. மொத்தமா அடிச்சிராதீங்க."

டர்போ என்பது எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளுகிற சின்னச் சக்கரம். அது சுற்றுகிற வேகத்துக்கு ஒரு சிறு துணுக்கு உள்ளே போனாலும் இறக்கை முறிந்துவிடும். அதனால் வாங்கி வந்த ஸ்பிரே டப்பாவில் போட்டிருந்த குறிப்பை ஒரு முறைக்கு இரண்டு முறை படித்தேன். எஞ்சின் சூடாக வேண்டும். காற்று வடிகட்டிப் பெட்டியிலிருந்து டர்போவுக்குப் போகும் ரப்பர் குழாயை, கிளிப்பைத் தளர்த்தி ஒரு முனையில் கழற்ற வேண்டும். டப்பாவோடு வரும் மெல்லிய சிவப்புக் குழலை அதன் மூக்கில் சொருகி, குழாய்க்குள் கொஞ்சம் கொஞ்சமாக அடிக்க வேண்டும். அதுவரை ஒருவர் உள்ளே உட்கார்ந்து ஆக்ஸிலேட்டரை ஒரே அளவில் அழுத்திப் பிடிக்க வேண்டும்.

நாலு மணிபோல மனைவியை டிரைவர் சீட்டில் உட்கார வைத்தேன். "எஞ்சின் சுத்துற வேகம் காட்டுற முள்ளு ரெண்டுலயே நிக்கணும். ஏறவும் கூடாது, இறங்கவும் கூடாது."

"இம்புட்டு வருசமா தையல் மிஷின்ல காலை வச்சிருக்கேன். எனக்குச் சொல்லித் தராதீங்க."

சொன்னபடியே முள் அசையவில்லை. நான் அடித்தேன், நிறுத்தினேன், மறுபடி அடித்தேன். பின்னால் குபுகுபுவென்று கருப்பாகப் புகை கிளம்பித் தெருவை மூடியது. எதிர் வீட்டு அண்ணன் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். வாசலுக்கு ஓடி வந்தார்.

"என்ன மாப்ள, கொசு மருந்து அடிக்கிறியா? மாடியில வத்தல் காயுது. என் வீட்டுக்காரி வந்தா ரெண்டு பேரையும் சேத்துக் காயப் போட்டுருவா!"

மனைவி சிரித்துவிட்டாள். கால் மட்டும் நகரவில்லை. நான் திரும்பி அவருக்குக் கையைக் காட்டிவிட்டு மிச்சத்தையும் அடித்து முடித்தேன்.

குழாயை மாட்டி, வண்டியை எடுத்துக்கொண்டு திண்டுக்கல் ரோட்டில் பரவை தாண்டி வாடிப்பட்டி வரை போனேன். பாலத்தில் ஏறும்போது வண்டி இழுத்த இழுப்பில் எனக்கே சிரிப்பு வந்தது. புகையும் இல்லை.

திரும்பி வந்தபோது வாசல் ஈரமாக இருந்தது. மகள் வருகிறாள் என்று மனைவி கார் நிறுத்தும் இடம் முழுக்க விளக்குமாறு போட்டுக் கழுவி, பெரிய கோலமும் போட்டிருந்தாள். நான் ஸ்பிரே டப்பாவை அலமாரியில் வைப்பதற்காக எடுத்தேன். குழலை டேப் ஒட்டி டப்பாவோடு சேர்த்து வைப்பது என் வழக்கம். குழல் இல்லை.

அப்போதுதான் ஒன்று நினைவுக்கு வந்தது. எதிர் வீட்டுக்காரருக்குக் கை காட்டிவிட்டு அடித்தபோது விரல் நனைந்தது. குழல் இருந்திருந்தால் விரல் நனைந்திருக்காது.

"கழுவும்போது சிவப்பா ஒரு குச்சி பார்த்தியா?"

"வாசல்ல ஆயிரம் குச்சி கெடந்துச்சு. நீங்க வண்டியச் சுத்தம் பண்ணுனீங்க, நான் வாசலச் சுத்தம் பண்ணுனேன்."

தரையில் விழுந்திருந்தால் சாக்கடைக்குப் போயிருக்கும். விழாவிட்டால் காருக்குள் இருக்கும். சாக்கடைப் பலகையைத் தூக்கி மண்வெட்டியால் வாரினேன். எதிர் வீட்டு அண்ணன் குனிந்து பார்த்தார்.

"மோதிரமா மாப்ள?"

"பிளாஸ்டிக் குழலுண்ணே."

"ஜூஸ் கடையில கேட்டா ஒரு கட்டே தருவானேப்பா!"

ஷாம்பூ உறைகள் வந்தன, பேனா மூடி வந்தது, கோலப்பொடி கலந்த சேறு வந்தது. குழல் வரவில்லை. மெக்கானிக்குக்குப் போன் செய்தேன்.

"உள்ள போயிருந்தா அப்பவே சத்தம் வந்திருக்கும்ணே."

"வரலை."

"அப்ப வெளியதான் விழுந்திருக்கும்." உடனே அவரே மாற்றிச் சொன்னார். "இல்ல, ரப்பர் குழாய்க்குள்ள எங்கயாச்சும் மாட்டியிருந்தா, மலையில அழுத்தி மிதிக்கிறப்ப இழுத்துரும். இப்பத் தொடாதீங்க. கொதிச்சுக் கெடக்கும், இருட்டிருச்சு வேற. கிளிப்பையும் உள்ள போட்டுருவீங்க. காலையில பாருங்க."

வாடகைக் காருக்குக் கேட்டேன். காலையில் மலைக்கு வண்டி இல்லை என்றார்கள். அந்த நேரம் பார்த்து மகள் கூப்பிட்டாள்.

"அப்பா, நீங்கதான ஓட்டிட்டு வாரீங்க?"

"ஆமாம்மா."

"வளைவுல மெதுவா வாங்க. போன தடவ நான் மேல இருந்து பாத்துக்கிட்டே இருந்தேன்."

போனை வைத்தேன். சாப்பிட உட்கார்ந்தேன், எழுந்து போய் பானெட்டைத் தொட்டுப் பார்த்தேன். இன்னும் சூடு. மோர் ஊற்றிக்கொண்டேன், மறுபடி போய்த் தொட்டேன்.

"அடுப்புல வச்ச பாலா அது? வந்து படுங்க" என்றாள் மனைவி. படுத்தபிறகு தூங்காமல் கிடந்ததில் அவளும் சேர்த்திதான்.

திங்கள் காலை விடிந்ததும், பல்கூட விளக்காமல், முதல் வேலையாகக் கோலத்தை மிதிக்காமல் பக்கவாட்டில் நின்று பானெட்டைத் திறந்தேன். ரப்பர் குழாயின் இரண்டு கிளிப்பையும் தளர்த்தி முழுதாகக் கழற்றி, செல்போன் வெளிச்சத்தை உள்ளே அடித்தேன். குழாய் வளைகிற இடத்தில், மடிப்பு மடிப்பாக இருக்கும் ரப்பரின் ஒரு மடிப்பில், எண்ணெய்ப் பிசுக்கில் ஒட்டிக்கொண்டு சிவப்புக் குழல் கிடந்தது. வாடிப்பட்டி வரை என்னோடு போய் வந்திருக்கிறது.

கையை நீட்டினேன். மனைவி தையல் பெட்டியிலிருந்த இடுக்கியை அதில் வைத்தாள். அவள் எப்போது வந்து நின்றாள் என்று தெரியவில்லை. குழலை வெளியே எடுத்தேன். சுண்டுவிரலால் டர்போ சக்கரத்தை மெல்லத் தள்ளிப் பார்த்தேன். தடங்கல் இல்லாமல் சுற்றியது. இறக்கைகளை ஒவ்வொன்றாகத் தடவினேன். எல்லாம் முழுசாக இருந்தன.

"அப்ப நான் வாசலக் கழுவுனது தப்பில்லைல்ல?" என்றாள்.

குழாயை மாட்டிக் கிளிப்பை இறுக்கினேன். ஒன்பதுக்குள் மலை ஏறிவிடலாம்.