அம்மா அலசிக் காயப்போட்ட பை

எங்கள் பெருமாட்டி ஊர்ப் பக்கத்துக்கு முதன்முதலில் பிளாஸ்டிக் பையைக் கொண்டுவந்தவர் தாம்தான் என்று சித்தப்பா பீற்றிக்கொள்வார். கோயமுத்தூரில் அம்மாவுக்குத் தீபாவளிச் சேலை எடுத்தபோது ஜவுளிக்கடையில் கொடுத்த பை அது. அம்மாவுக்குச் சேலையைவிடப் பைதான் பிடித்துப்போயிற்று. அலசி, கொடியில் காயப்போட்டு, மடித்துத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொள்வாள். நான் தொட்டால் கையில் அடி விழும்.

அடுத்த பங்குனியில் அம்மா மஞ்சள் காமாலையில் செத்துப்போனாள். எனக்கு ஏழு வயது. ஒரே பிள்ளை என்பதால் கொள்ளி வைத்ததும் நான்தான், அஸ்தி கரைக்க வேண்டியவனும் நான்தான். அந்தக் கோடையில் ஆற்றில் வெறும் மணல்தான் கிடந்தது. ஆகவே பொன்னானிக் கடலுக்குப் போவதென்று முடிவாயிற்று.

“அஸ்தி நல்லாக் கரைஞ்சாத்தான் கண்ணு உங்கம்மா நல்ல எடத்துக்குப் போவா” என்று அத்தை என்னிடம் பலமுறை சொன்னாள்.

புறப்படும்போது பார்த்தால் மண்கலயத்தில் கீறல்.

“பஸ்ஸுல ஒடஞ்சா என்னங்கண்ணா பண்றது? அண்ணியோட பையில போட்டுக் கட்டிப்போடலாமுங்க. ஒரு பொட்டுத் தண்ணி உள்ள போவாது” என்றார் சித்தப்பா.

அப்பா கலயத்தைக் கீழே இறக்கி வைத்தார். ஓடிப்போய்ப் பையை எடுத்துவந்து கொடுத்தவன் நான். அம்மாவுக்குப் பிடித்தது அவளோடே போகட்டும் என்று நினைத்தேன்.

கடலில் நின்றுகொண்டு சித்தப்பா முடிச்சை அவிழ்க்கப் பார்த்தார். அவரே போட்ட முடிச்சு, அசைந்து கொடுக்கவில்லை. கிழித்திருக்கலாம், ஒரு கிளிஞ்சல் போதும். ஆனால் மத்தியான பஸ்ஸை விட்டால் அடுத்தது சாயங்காலம்தான்.

“அப்படியே வீசு கண்ணு. உப்புத் தண்ணியில தானாக் கரைஞ்சுரும்” என்றார் சித்தப்பா.

வீசினேன். பை மூழ்கவில்லை. ஒரு பிடி சாம்பலும் நாலைந்து எலும்பும் போக மீதியெல்லாம் காற்று. அலை அதைத் திருப்பிக் கொண்டுவந்து என் காலடியில் போட்டது. மறுபடி வீசினேன், மறுபடி வந்தது. அதுவரை அழாத அப்பா அப்போதுதான் அழுதார். மூன்றாம் முறை சித்தப்பா அதைப் பிடுங்கி ஓங்கி எறிந்தார். வெயிலில் பளபளத்துக்கொண்டு அது தூரப் போயிற்று.

“கரைச்சுப்போட்டீங்களா?” என்று வீட்டில் அத்தை கேட்டாள்.

“ஆச்சுங்கக்கா” என்றார் சித்தப்பா, கூசாமல்.

செத்த ஆமையின் வயிற்றிலிருந்து பை பையாக எடுக்கும் படங்களை இன்று எல்லோரும் பார்த்து உச்சுக்கொட்டுகிறார்கள். என்னால் பார்க்க முடிவதில்லை. எந்தக் கடற்கரைக்குப் போனாலும், ஒதுங்கிக் கிடக்கும் பையைக் கண்டால் குனிந்து, முடிச்சு இருக்கிறதா என்று பார்க்கிறேன். சித்தப்பாவை நான் மன்னிக்கவில்லை. பையை எடுத்துக் கொடுத்தவனையும்தான்.

அன்று திரும்பி வந்த பஸ்ஸில் அப்பா முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டிருந்தார். எனக்கோ உள்ளுக்குள் சந்தோஷம். அம்மா தனக்குப் பிடித்த பைக்குள், ஒரு சொட்டுத் தண்ணீர் படாமல் பத்திரமாகப் போய்க்கொண்டிருக்கிறாள் என்று நினைத்தேன். அவள் கரையவே போவதில்லை என்று எனக்குத் தெரியவில்லை.