மீன்தொட்டி மூடியில் ஒரு ஸ்கூட்டர் நம்பர்

பெங்களூர் மர்பி டவுனில் எந்த மீனும் வயசாகிச் செத்ததாகச் சரித்திரம் இல்லை. ஒன்று, பூனை தின்னும். இல்லையென்றால் தானே துள்ளி வெளியே விழுந்து டிவி ஸ்டாண்டுக்கு அடியில் கருவாடாகும். வடகிழக்கு மூலையில் மீன்தொட்டி வைத்தால் வீட்டுக்கு நல்லது என்று தொண்ணூற்றெட்டில் யாரோ கிளப்பிவிட, தெருவில் பாதி வீட்டில் தொட்டி வந்துவிட்டது. மாதா படம் மாட்டிய வீடு, முருகன் படம் மாட்டிய வீடு என்றெல்லாம் வித்தியாசமே இல்லை. எல்லாம் கையால் ஒட்டிய கண்ணாடித் தொட்டி. ஒன்றுக்குச் செய்த மூடி இன்னொன்றுக்குப் பொருந்தாது. அதனால் யாரும் மூடியே போடவில்லை.

அல்சூரில் நம்பர் பிளேட் கடை வைத்திருந்த அதே தெருச் சிரில் மூடி செய்யும் வேலைக்குள் வந்தது ஒரு பூனையால். பக்கத்து வீட்டு கோவிந்தராஜனின் பூனை வாரத்துக்கு ஒரு கோல்டு ஃபிஷ் சாப்பிட்டுக்கொண்டிருந்தது. சிரில் போய் அளவெடுத்து, கண்ணாடி மாதிரித் தெரியும் அக்ரிலிக் ஷீட்டில் ஒரு மூடி செய்து கொடுத்தான். காற்றுக் குழாய்க்கு மூலையில் ஒரு வெட்டு. தீனி போட நடுவில் கீல் வைத்த ஒரு குட்டிக் கதவு. மூடி வந்த நாளிலிருந்து பூனை அதன் மேலேயே படுத்துக்கொண்டு, பால்கனி டிக்கெட் வாங்கியவன் மாதிரி கீழே பார்த்துக்கொண்டிருந்தது. தெருவே வந்து பார்த்தது. தெருவே மூடி கேட்டது.

அந்தக் குட்டிக் கதவில்தான் விஷயம் இருந்தது. அது சரியாக ஒரு ஸ்கூட்டர் நம்பர் பிளேட் அளவு. ஏனென்றால் அது நம்பர் பிளேட்டேதான்.

மூடி வேலைக்கு முன்பே ஒரு நாள், அதே தெருக் குளோரியா தன் கைனடிக் ஸ்கூட்டரின் பிளேட் உடைந்துபோய், சிரில் கடைக்கு வந்தாள். தெளிவான அக்ரிலிக்கின் பின்பக்கம் ஸ்டிக்கர் எழுத்து ஒட்டி, அதன் மேல் கறுப்பு பெயின்ட் அடித்துவிட்டால் பிளேட் ரெடி. அரை மணி நேர வேலை. சிரில் எழுத்தை ஒட்டினான், தூக்கிப் பார்த்தான், உதட்டைப் பிதுக்கினான்.

"இந்த நாலு கொஞ்சம் சாய்ஞ்சிருக்குங்க. நாளைக்கு வர்றீங்களா?"

வந்தாள். அன்றைக்கு ஏழு சாய்ந்திருந்தது. அடுத்த நாள் இடைவெளி சரியில்லை. அதற்கடுத்த நாள் ஸ்டிக்கரே சரியில்லை. ஒவ்வொரு தடவையும் எழுத்தை உரித்துப்போட்டு, பிளேட்டை மேஜைக்கு அடியில் வைத்தான். தூக்கிப்போட மனசு வரவில்லை. மூடி ஆர்டர் வந்தபோது அவையெல்லாம் கதவாகிப் போயின.

குளோரியாவின் அப்பா ஹெர்பர்ட், பீன்யாவில் ஒரு ஃபாக்டரியில் குவாலிட்டி இன்ஸ்பெக்டர். கல்யாண வீட்டில் இட்லியைக்கூடத் திருப்பிப் பார்த்து, ஓரம் பிய்ந்திருந்தால் "ரிஜெக்ட்" என்று ஒதுக்கிவைக்கிற ஆள். சட்டைப் பாக்கெட்டில் பேனா இருக்கிறதோ இல்லையோ, ஆறு அங்குல ஸ்டீல் ஸ்கேல் இருக்கும். மகள் ஒரு பிளேட்டுக்கு இத்தனை நடை நடந்ததைப் பார்த்துத் தெருவுக்கே கேட்கும்படி சொன்னார்:

"ஒரு நம்பரை நேரா ஒட்டத் தெரியாதவன் கிட்ட எதுக்கும்மா போற? அவன் கையே ரிஜெக்ட்!"

கிறிஸ்துமஸ் முடிந்ததும் அம்மாவை அனுப்பிக் குளோரியாவைப் பெண் கேட்கலாம் என்று நினைத்திருந்த சிரில் காதிலும் அது விழுந்தது. பெண் கேட்கப் போகிற வீட்டில் கை ரிஜெக்ட் ஆனால் ஆளை யார் பாஸ் பண்ணுவார்கள்?

டிசம்பர் வந்தது, குளிரும் வந்தது. வீடு வீடாகப் பாடிப் போகும் கேரல் ரவுண்டில் சிரில்தான் கிறிஸ்துமஸ் தாத்தா. வயிற்றில் தலையணை, முகத்தில் ரப்பர் முகமூடி, பஞ்சுத் தாடி. ஹெர்பர்ட் கிட்டார். குளோரியா கையில் குலுக்குகிற டாம்பரின். முதல் வீடு வனஜா டீச்சருடையது. பாட்டு முடிந்து கேக் வரும்போது டீச்சர் சொன்னாள்:

"ஹெர்பர்ட் சார், இந்த அதிசயத்தைப் பாருங்க. குளிர் வந்ததுலேர்ந்து எங்க மீன்தொட்டியில ஒரு நம்பர் வருது."

மூடியின் அடியில் ஆவி பூத்திருந்தது. ஸ்டிக்கர் உரித்த இடத்தில் பசை மிச்சம் இருக்குமல்லவா, அங்கே மட்டும் ஆவி படியவில்லை. தொட்டி விளக்கில் எழுத்து பளிச்சென்று தெரிந்தது: கேஏ 03 ஈ 4417.

"இது எங்க வண்டி நம்பராச்சே!" என்றார் ஹெர்பர்ட்.

முகமூடிக்குள் தாத்தாவுக்கு வியர்த்தது.

அடுத்த வீட்டில் ஹெர்பர்ட் பாடவே இல்லை. நேராகத் தொட்டிக்குப் போனார். அங்கேயும் 4417. அதற்குள் சேதி ஓடி, எதிர் வீட்டு ஜன்னலிலிருந்து ஒரு குரல்: "எங்க வீட்லயும் இருக்கு, வாங்க!" கேரல் பார்ட்டி பாட்டை மறந்துவிட்டு மூடி மூடியாக ஓடியது. டிரம் அடிக்கிறவன் ஓடிக்கொண்டே அடித்தான். தாத்தா மட்டும் எதிர்த் திசையில் ஓடப் பார்த்தார். கோவிந்தராஜன் வீட்டு வாசலில் ஹெர்பர்ட் தாத்தாவின் தாடியைப் பிடித்தார்.

"உள்ள வாடா."

உள்ளே பூனை பால்கனியில் இருந்தது. கோவிந்தராஜன் அதைத் தள்ளிவிட்டு, "சாமி குடுத்த நம்பர்னு நெனச்சு லாட்டரி வேற வாங்கிட்டேன் சார்" என்றார்.

"விழுந்துச்சா?"

"எங்க சார்."

ஹெர்பர்ட் ஸ்கேலை எடுத்தார். குனிந்தார். எழுத்துக்கு அடியில் வைத்தார், மேலே வைத்தார், இடைவெளிகளை ஒவ்வொன்றாக அளந்தார். ரொம்ப நேரம் கழித்து நிமிர்ந்தார்.

"நாலு சாயல. ஏழு சாயல. எல்லாம் நூல் பிடிச்ச மாதிரி இருக்கு. இதுல ரிஜெக்ட் எங்கடா?"

முகமூடிக்குள்ளிருந்து சன்னமாக வந்தது: "இல்ல அங்கிள்."

"அப்புறம் எதுக்குடா பொண்ணைத் தெனமும் அலைய வுட்ட?"

தாத்தாவின் வயிற்றுத் தலையணை மெதுவாகக் கீழே இறங்கியது.

"ஏன் சார், பீன்யாவுல என்னதான் இன்ஸ்பெக்ஷன் பண்றீங்க? இதுகூடவா புரியல?" என்றார் கோவிந்தராஜன். கூட்டம் கொல்லென்று சிரித்தது.

ஹெர்பர்ட் மகளைப் பார்த்தார். "உனக்குத் தெரியுமா?"

"மொத பிளேட்டே நேராத்தான்பா இருந்துச்சு."

"அப்ப எதுக்கு மறுபடி மறுபடி போன?"

குளோரியா டாம்பரினை ஒரு குலுக்கு குலுக்கினாள். அதுதான் பதில்.

ஃபாக்டரியில் பாஸ் ஆன பீஸ் மேல் சாக்பீஸால் ஓகே போட்டுப் போட்டுப் பழகிய ஹெர்பர்ட்டின் கை, சும்மா இருக்கவில்லை. ஆவி அடிப்பக்கம் அல்லவா, அதனால் குட்டிக் கதவைத் திறந்து, நம்பருக்குக் கீழே விரலால் 'OK' என்று எழுதினார். திறந்த கதவு வழியாக ஆரஞ்சு மீன் ஒன்று எகிறியது. பூனையும் எகிறியது. தாத்தா குல்லாவைக் கழற்றி அந்தரத்திலேயே மீனைப் பிடித்துத் தொட்டியில் போட்டார். முகமூடி நழுவ, உள்ளே சிரில், காது வரை சிவந்துபோய்.

"கையும் பாஸ்" என்றார் ஹெர்பர்ட். "பண்டிகை முடிஞ்சதும் அம்மாவைக் கூட்டிக்கிட்டு வா. தாடி வேணாம்."

விரல் பட்ட இடத்திலும் ஆவி படியாது. அதனால் ஒவ்வொரு குளிருக்கும் கோவிந்தராஜன் வீட்டு மூடியில் 4417 வருகிறது. அதற்குக் கீழே, அடியிலிருந்து எழுதியதால் இடவலம் மாறிய ஒரு ஓகேயும் வருகிறது. கோவிந்தராஜன் அதைத் துடைக்க விடுவதில்லை. பூனையைத் தூக்கிவிட்டு, வருகிறவர்களுக்கெல்லாம் காட்டுகிறார்.